இமை அறுவையில் மில்லிமீட்டர் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இமை அறுவை என்றாலே அழகுக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மேலிமைத் தோல் தளர்ந்து இமைமயிர் மீது சரிந்தால் மேற்புறப் பார்வையே குறையும். இமையை இயல்பாக விட்டு ஒருமுறையும், டேப்பால் தூக்கி ஒட்டி மறுமுறையும் பார்வைப்புலச் சோதனை (நேரே பார்த்தபடி சுற்றிலும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்ற சோதனை) செய்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

தோல் தளர்வது வேறு, இமையைத் தூக்கும் தசை தளர்வது வேறு. டார்ச் ஒளி கருவிழியில் பிரதிபலிக்கும் புள்ளியிலிருந்து மேலிமை விளிம்பு வழக்கமாக 4 முதல் 5 மி.மீ. தள்ளியிருக்கும். 2 மி.மீ.க்கும் குறைவு என்றால் தசையும் தளர்ந்திருக்கலாம், தோலை மட்டும் வெட்டிப் பயனில்லை. பெரும்பாலும் தசைநாணை இறுக்க வேண்டிவரும்.

தோலை அதிகமாக வெட்டுவதுதான் திருத்தக் கடினமான தவறு. புருவத்துக்கும் இமைமயிருக்கும் இடையே சுமார் 20 மி.மீ. தோல் மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் கண் முழுதாக மூடாது, கருவிழி காய்ந்து புண்ணாகும். கண் வறட்சி உள்ளவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அப்படியே.

வீக்கமும் கன்றலும் சகஜம். ஆனால் முதல் 24 மணி நேரத்தில் கடும் வலி, கண் பிதுங்குதல், பார்வை மங்குதல் வந்தால் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசியலாம். உடனே தையலைப் பிரித்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பார்வை பறிபோகும். நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு கண் மருத்துவர்