மூக்கு நீண்ட லொறி வாங்கப் போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பீட்டர்பில்ட் 389 என்ற அமெரிக்க லொறியின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பு நிறம், இரண்டு பக்கமும் வானத்தைப் பார்க்கும் புகைக்குழாய், எஞ்சினை மூடி முன்னால் நீண்ட மூக்கு, மினுங்கும் பம்பர். வடிவான வாகனம்தான், மறுக்கவில்லை. "ஜேர்மனியில் நீங்கள் ஓடியதெல்லாம் பாண் பெட்டி, அப்பா" என்று கீழே எழுதியிருந்தாய். அதற்கான பதில் போனில் தட்டி முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பெட்டி உருவத்துக்குக் காரணம் சட்டம். ஐரோப்பாவில் லொறியும் ட்ரெய்லரும் சேர்ந்து பொதுவாக 16.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. ட்ரெய்லருக்கே 13.6 மீட்டர் போய்விடும். டிரைவரின் கேபினுக்கு மிஞ்சுவது இரண்டு மீட்டர் சொச்சம். அதற்குள் எஞ்சினையும் ஆளையும் கட்டிலையும் அடக்க வேண்டுமென்றால் எஞ்சின் கீழே, ஆள் மேலே, வேறு வழியில்லை. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் மூக்கில்லாத லொறிகள் நிறைய ஓடின. 1982இல் வந்த சட்டம், பெரிய நெடுஞ்சாலைகளில் மொத்த நீளத்துக்குக் கட்டுப்பாடு வைக்கக் கூடாது, ட்ரெய்லரை மட்டும் அளந்தால் போதும் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. அதற்குப் பிறகு மூக்கைக் குறைக்க யாருக்குத் தேவை? உன்னுடைய 53 அடி ட்ரெய்லர் தனியாகவே 16 மீட்டருக்கு மேல் வரும். இங்கே முழு வாகனத்தின் நீளமே அவ்வளவுதான்.

போன கோடையில் கம்பனியிடம் அனுமதி எடுத்து என்னைப் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொண்டு சட்பரி வரைக்கும் போனாயே, அப்போது நான் அதிகம் கதைக்கவில்லை. பார்த்துக்கொண்டு வந்தேன். இருக்கை முன்சில்லுக்குப் பின்னால் இருப்பதால் குலுக்கல் உடம்புக்கு வருவதில்லை. எங்கள் லொறிகளில் நாங்கள் முன்சில்லுக்கு மேலேயே இருப்போம். காற்றழுத்தத்தில் மிதக்கும் இருக்கை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பள்ளம் வந்தால் முதுகெலும்புக்குத் தெரியும். பின்னால் உன் கட்டில், குளிர்பெட்டி, மைக்ரோவேவ், நிமிர்ந்து நின்று காற்சட்டை மாற்ற இடம். அது வேறு உலகம். நித்திரைக்கு உன் லொறிதான், அதைக் கையெழுத்துப் போட்டே தருகிறேன். எஞ்சினில் கை வைப்பதும் உங்களுக்குச் சுகம். மூக்கை முன்னால் சரித்தால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். நாங்கள் முழு வீட்டையும் கவிழ்க்க வேண்டும். கேபினைச் சரிக்கும் முன் கோப்பை, கறிச்சட்டி, சப்பாத்து எல்லாவற்றையும் இறக்கவோ கட்டவோ வேண்டும். மறந்த சாமான் முன்கண்ணாடியில் வந்து விழும்.

ஆனால் ஓடுவதற்கு? தம்பி, இங்கே காசல் நகருக்குப் பக்கத்தில் ஏ7 நெடுஞ்சாலையில் ஓர் இறக்கம் இருக்கிறது. 40 தொன்னோடு அதில் இறங்கும்போது நான் பிரேக்கை மிதிப்பதே இல்லை. ஸ்டீயரிங் பக்கத்தில் உள்ள ரிடார்டர் என்ற துணைப் பிரேக்கின் பிடியை ஒவ்வொரு படியாக இழுத்தால், சத்தமில்லாமல் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல வேகம் குறையும். உங்களிடம் எஞ்சின் பிரேக் இருக்கிறது, நல்லதுதான், ஆனால் அந்த இரைச்சலுக்காகவே ஊர்களின் எல்லையில் தடைப்பலகை போட்டிருக்கிறார்கள். சில்லுப் பிரேக்கும் அப்படித்தான். இங்கே டிஸ்க் பிரேக் எப்போதோ வழக்கமாகிவிட்டது, உங்கள் ட்ரெய்லர்களில் இன்னும் பெரும்பாலும் டிரம். முன்னால் தடை வந்தால் தானாகவே பிரேக் பிடிக்கும் கருவி 2015 முதல் இங்கே புதுப் பெரிய லொறிகளில் கட்டாயம். நீ பார்த்திருக்கும் 389இல் அது இருக்காது என்றுதான் படத்தில் தெரிகிறது. கேட்டுப் பார்.

என்னைப் பயப்படுத்துவது அந்த மூக்குத்தான். மூக்குள்ள லொறிக்கு முன்னால் ஏறத்தாழ 20 அடி வரை தாழ்வான எதுவும் கண்ணில் படாது என்று அமெரிக்க அரசே எச்சரிக்கிறது. ஒரு சின்னக் கார் முழுதாக மறைந்துவிடும். எங்கள் லொறியில் முன்கண்ணாடியின் மேல்மூலையில் கீழ்நோக்கி ஒரு கண்ணாடி தொங்கும், பம்பருக்கு முன்னால் நிற்கும் ஆளின் தலையைக் காட்டும். பழைய நகரத்து ஒழுங்கைகளில் சைக்கிள்காரருக்கும் கிழவிகளுக்கும் நடுவே அதுதான் எங்களைக் காப்பாற்றியது. நீ வின்னிபெக் போகும் 17ஆம் வீதியில் ஆள் நடமாட்டம் குறைவு, சரி. ஆனால் சாமான் இறக்குவது பிரம்டனில், கடைத்தொகுதிக்குப் பின்னால். பள்ளிவிடும் நேரத்தில் அந்த மூக்கோடு வலப்பக்கம் திருப்புவதை நினைத்துப் பார்.

"குதிரைவலு" என்றும் எழுதியிருந்தாய். அதில் அமெரிக்காவைத் தூக்கிப் பிடிக்காதே. ஐரோப்பாவின் ஸ்கேனியா 2020இல் 770 குதிரைவலு எஞ்சின் போட்டது. வோல்வோ அதைத் தாண்டி 780க்குப் போய்விட்டது. உன் பகுதியில் கமின்ஸ் கம்பனியின் எக்ஸ்15 எஞ்சின் உச்சத்தில் 605. இன்னொன்றும் சொல்கிறேன்: பீட்டர்பில்ட், கென்வர்த் இரண்டின் சொந்தக்காரரான பக்கார்தான் ஒல்லாந்தின் டாஃப் கம்பனியையும் 1996இல் வாங்கியது. அமெரிக்க ஃப்ரெய்ட்லைனரும் ஜேர்மன் மெர்சிடிசும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நீ கிண்டல் செய்கிற பெட்டியின் எஞ்சின்தான் உன் நண்பர்களின் லொறிகளில் பெயர் மாற்றி ஓடுகிறது.

சரி, இதெல்லாம் இரும்புக் கதை. நான் உண்மையில் சொல்ல வந்தது சம்பளக் கதை.

இங்கே நாலரை மணித்தியாலம் ஓடினால் முக்கால் மணித்தியாலம் நிற்க வேண்டும். ஒரு நாளில் 9 மணித்தியாலம், கிழமையில் இரண்டு நாள் மட்டும் 10. ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணி வரை ஜேர்மனி வீதியில் பெரிய லொறி ஓடவே கூடாது. உங்களுக்கு கனடாவில் ஒரு நாளில் 13, எல்லை தாண்டி அமெரிக்கா போனால் 11. கிலோமீட்டர் கணக்கில் காசு கொடுத்து டிரைவரை ஆபத்துக்குத் துரத்தக் கூடாது என்று இங்கே சட்டத்திலேயே இருக்கிறது. நின்றாலும் எனக்கு மாதச் சம்பளம் வந்தது. உனக்கு மைல் கணக்கு, சில்லு சுற்றினால்தான் காசு. கிடங்கு வாசலில் நாலு மணித்தியாலம் காத்து நின்றதற்கு ஒரு சதமும் தரவில்லை என்று போன மாசம் நீயே கத்தினாய். இங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஐந்து மணிக்குப் பிறகு ஆட்டோபான் நெடுஞ்சாலையில் தரிப்பிடம் தேடி அலைந்த டிரைவரைக் கேட்டால் தெரியும். சம்பளமும் உன்னுடையதைப் போல வராது. ஆனால் நேரத்தோடு நான் சண்டை போடவில்லை.

நீ இப்போது சொந்த லொறி என்கிறாய். அப்படியென்றால் மைலுக்கு வரும் காசில் டீசலும் உன்னுடையது, டயரும் உன்னுடையது. அந்தச் சதுர முகம் காற்றை நேராக இடித்துக்கொண்டு போகும், வளைந்த முகமுள்ள ஃப்ரெய்ட்லைனரின் கஸ்கேடியாவோ வோல்வோ விஎன்எல்லோ குடிப்பதை விட அது கூடவே குடிக்கும். முதல் மூன்று நாலு வருடம் கஸ்கேடியா ஒன்றை ஓடிக் கடனை அடை, அப்புறம் சிவப்புப் பீட்டர்பில்ட் வாங்கு. அப்போது பம்பரை மினுக்கிவிட நானே வருகிறேன்.

இல்லை, இதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால், இரண்டு வேலை செய். முதலாவது, முன் அச்சிலிருந்து பின் அச்சுகளின் நடு வரைக்கும் நாடா பிடித்து அள. அமெரிக்காவில் இருந்து வரும் பழைய நீள மூக்கு லொறிகள் சிலதை நீட்டிக் கட்டியிருப்பார்கள். 53 அடி ட்ரெய்லர் இழுக்க உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் அந்த அளவு 6.2 மீட்டருக்கு மேல் போக விடமாட்டார்கள், மொத்த நீளமும் 23 மீட்டருக்குள் நிற்க வேண்டும். விற்பவன் அதைச் சொல்ல மாட்டான். இரண்டாவது, பழுதுபார்த்த பில் முழுவதையும் வாங்கிப் படம் எடுத்து அனுப்பு. எஞ்சின் பக்கத்தை நான் வாசிக்கிறேன்.

அம்மா சுகம். உனக்குச் சளி மாறியதா என்று கேட்கச் சொன்னா. லொறியின் விலையை அவவுக்கு இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா