கார்ட் வாங்கமுன் மொனிற்றரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகளிடம் பிள்ளைகள் கேட்கும் சாமான்களில் இப்போது, கணினி விளையாட்டுகளின் படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்ட்டும் ஒன்று. ரொறன்ரோவிலோ லண்டனிலோ வாங்கிய கார்ட்டை இங்குள்ள பழைய கணினியில் பூட்டினால் படம் விக்கி விக்கி ஓடுகிறது, இல்லையேல் விளையாட்டின் நடுவே கணினி அணைந்துபோகிறது. கார்ட்டில் பழுது இருப்பது அரிது. பொருத்தம் பார்க்காததுதான் குறை.

முதலில் பார்க்கவேண்டியது மொனிற்றர். 1920×1080 திரையில் ஏறத்தாழ 21 இலட்சம் புள்ளிகள், 2560×1440 இல் 37 இலட்சம், 4கே என்றால் 83 இலட்சம். ஒவ்வொரு பிரேமிலும், அதாவது திரையில் அடுத்தடுத்து மாறும் ஒவ்வொரு படத்திலும், அத்தனையையும் கார்ட் வரைந்தாக வேண்டும். மேசையில் வைத்துப் பார்க்கும் 27 அங்குலத் திரைக்கு 1440 தாராளம். 4கே ஆசை பெரும்பாலும் காசுக்குக் கேடு.

அடுத்தது கார்ட்டிலுள்ள மெமரி. 2025 இல் வந்த ஆர்ரிஎக்ஸ் 5060 ரிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்ரி என்ற கார்ட் மொடல்கள் இரண்டும் ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகையாக விற்கப்படுகின்றன. புதிய விளையாட்டுகள் பலவற்றை 1440 இல் ரெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களின் நுணுக்கத்தை) கூட்டி ஓட்ட 8 ஜிபி காணாது. நிரம்பியதும் மிச்சம் மதர்போர்ட் வழியாகக் கணினியின் ரமுக்குப் போய்வரும். திரையின் மூலையில் செக்கனுக்குச் சராசரி 70 பிரேம் என்று காட்டிக்கொண்டிருக்கும், ஆனால் திரும்பும் இடமெல்லாம் படம் திக்கும். 5060 ரிஐக்கு மதர்போர்ட்டோடு தரவு போய்வர 8 லேன் (பாதை)தான் என்பதால், அந்தப் பாதைகளின் வேகம் குறைந்த பிசிஐஇ 3.0 உள்ள பழைய மதர்போர்ட்டில் இது இன்னும் மோசம். கடைக்காரர்களும் விலைச்சீட்டில் மொடல் பெயரோடு மெமரி அளவையும் எழுதித் தந்தால் வீண் சச்சரவு குறையும்.

4கேதான் வேண்டும் என்று நிற்பவர்கள் 5070 ரிஐ, 9070 எக்ஸ்ரி ஆகியவற்றுக்குக் கீழே இறங்க வேண்டாம். அதிலும் விளையாட்டின் செற்றிங்கில், சிறிதாக வரைந்த படத்தைப் பெருப்பிக்கும் டிஎல்எஸ்எஸ் அல்லது எப்எஸ்ஆரை 'குவாலிட்டி'யில் போடுங்கள். உள்ளே 1440 இல் வரைந்து 4கேயாகப் பெருப்பிக்கும், விளையாடும் வேகத்தில் வித்தியாசம் பிடிபடுவது கடினம்.

இந்தக் கார்ட்டுகள் 300 வாட் அளவில் இழுப்பவை. கேசிங்கோடு (கணினிப் பெட்டியோடு) வரும் மலிவான பவர் சப்ளையின் முகப்பில் '500 வாட்' என்றிருக்கும், அதை நம்பாமல் பக்கத்து ஸ்டிக்கரில் 12 வோல்ட் நிரலைப் பாருங்கள். 18 அம்பியர் என்றிருந்தால் பெருக்கிவரும் 216 வாட்தான் கார்ட்டும் புரொசசரும் பங்குபோடக் கிடைப்பது. தரமான 750 வாட் சப்ளை வேண்டும். புதிய 16 பின் இணைப்புள்ள கார்ட் என்றால் பிளக்கை அடிவரை அழுத்தி இறக்குங்கள். அரைகுறையாக நின்றால் சூடேறி உருகும். வீடுகளில் பரவலாக உள்ள 650 விஏ யுபிஎஸ் 400 வாட்டையும் தாங்காது. கரண்ட் போன கணத்தில் விளையாடிக்கொண்டிருந்தால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும்.

கேசிங்கின் உள்நீளத்தை அளந்து உறவினருக்கு முன்னரே சொல்லிவிடுங்கள், 30 சென்ரிமீற்றரைத் தாண்டும் கார்ட்டுகள் நிறைய. பூட்டிய பின் மொனிற்றர் கேபிளை மதர்போர்ட்டில் அல்ல, கார்ட்டிலேயே செருகி, விண்டோஸ் டிஸ்பிளே செற்றிங்கில் 60 ஹேர்ட்ஸில் (செக்கனுக்கு 60 முறை படம் மாறும் வேகத்தில்) கிடப்பதை மொனிற்றரின் முழு வேகத்துக்கு மாற்றுங்கள்.

கணினி திருத்துநர்,
யாழ்ப்பாணம்.