ரோபோ ஷோவும் உன்ற வீட்டு அட்ரஸும்

கண்ணு,

நல்லா இருக்கியா? நாங்க நல்லா இருக்கோம். போன்ல பேசலாம்னு பாத்தா எப்பப் பாரு மீட்டிங்ல இருக்கற, எடுத்தாலும் "அம்மா அப்புறம் கூப்பிடறேன்"னு வெச்சுடற, அதான் உக்காந்து டைப் பண்றேன். வாய்ஸ் அனுப்புனா அண்ணன் கேக்க மாட்டான்மான்னு உன்ற தங்கச்சி சொல்லிட்டா. தமிழ் கீபோர்டு அவதான் ஏத்திக் குடுத்தா. தப்பு இருந்தா கண்டுக்காத.

ஊருக்கு வந்ததுல இருந்து வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் ஜப்பான் கதைதான். அப்பா எங்க ஆரம்பிச்சாலும் 2019 தீபாவளி நோம்பியன்னைக்கு புதுசா விட்ட சென்னை டோக்கியோ நரிட்டா ஃபிளைட்டுலதான் ஆரம்பிக்கறாரு, எங்கயும் எறங்கி ஏறாம ஒரே ஃபிளைட்டுல போனோம்னு என்னமோ அவரே ஓட்டிட்டுப் போன கணக்கா. நான் டோக்கியோவுல நீ கூட்டிட்டுப் போன அந்த ரோபோ ஷோவ சொல்லிட்டு இருக்கேன். புல்லட் ரயில், புத்தர் கோயில் எல்லாம் யூட்யூப்ல பாத்துட்டாங்களாம், இத சொன்னா மட்டும் வாயப் பொளந்து கேக்கறாங்க. பெரியம்மா ரெண்டு வாட்டி கேட்டுட்டாங்க.

ஆனா உண்மையச் சொல்லோணும்னா, நீ அங்க கூட்டிட்டுப் போறேன்னு சொன்னப்ப எனக்கு அவ்வளவா புடிக்கல. தலைக்கு 8000 யென், நம்ம காசுக்கு 5000 ரூபாய்க்கு மேல, அதுவும் சாப்பாடு தனிக் காசு. மூணு பேருக்கு கணக்குப் போட்டு அப்பா மூஞ்சி போன போக்க நீ கவனிச்சியோ இல்லையோ. சாப்பாடு நல்லா இருக்காதும்மா, பாப்கார்ன் வாங்கிக்கலாம்னு நீயே சொன்ன. டின்னர் ஷோன்னு பேரு, டின்னர் மட்டும் வேண்டாம். அப்புறம் அந்தத் தெரு. கபுகிச்சோவாமா, லைட்டு போர்டு கண்ணக் கூசுது, பில்டிங் உச்சியில காட்ஜில்லா தலை எட்டிப் பாக்குது, நடுவுல மைக்ல என்னமோ சொல்லிட்டே இருக்காங்க. என்னடான்னு கேட்டா, கடைக்குக் கூப்பிடற தரகனுங்க பின்னாடி போகாதீங்கன்னு சொல்றாங்கம்மான்னு சொன்ன. சொல்லி வாய் மூடல, ஒருத்தன் அப்பாகிட்ட வந்து அட்டைய நீட்டறான். நீ ஜப்பான் பாஷையில ரெண்டே வார்த்தை சொன்ன, அவன் தலையக் குனிஞ்சுட்டு அக்கட்டால போயிட்டான். எனக்கு அப்ப எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? மேல்நிலைப்பள்ளியில தமிழ் இரண்டாம் தாள்ல அத்தனை பாடுபட்ட பையன், இன்னைக்கு அங்க நின்னு அவங்க பாஷையில அவங்கள அதட்டறான்.

உள்ள போனா அந்த வெயிட்டிங் ரூம். சுவரு, தரை, கூரை ஒண்ண விடல, எல்லாம் கண்ணாடியும் தங்கக் கலரும், சங்கு மாதிரி நாற்காலி, உக்காரவே கூச்சமா இருந்துச்சு. 2012ல தொறந்தாங்க, கட்டறதுக்கு 1000 கோடி யென் ஆச்சுன்னு விளம்பரமே பண்ணாங்கன்னு சொன்ன. இருக்கும், ஒரு சாண் எடம் சும்மா விட்டிருந்தாத்தான. அப்புறம் படி எறங்கி கீழ, கீழன்னு பாதாளத்துக்கே கூட்டிட்டுப் போன. அவ்வளவு செலவு பண்ணிட்டு ஷோ நடக்கற எடம் இத்துனூண்டு, ரெண்டு பக்கமும் வரிசையா சேர், நடுவுல ஒரு சந்து, அவ்வளவுதான். ரக்பி மேட்ச் பாக்க வந்த வெள்ளைக்காரங்க அவங்க டீம் பனியனோட பாதி சேருக்கு மேல உக்காந்துட்டு பீர் குடிச்சுட்டு இருந்தாங்க.

மொதல்ல மேளம் வந்துச்சு பாரு, அது மட்டும் எனக்கு ரொம்பப் புடிச்சது. வண்டி மேல பெரிய பெரிய மேளம், அதுக்கு மேல பொண்ணுங்க நின்னு ரெண்டு கையாலயும் வெளுத்து வாங்கறாங்க, நம்மூரு நோம்பிக்கு ஜமாப் அடிக்கறப்ப நெஞ்சுக்குள்ள அதிருமே, அதே அதிர்வு. அப்பா சத்தம் தாங்காம காது மெஷினக் கழட்டி சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. அடுத்து காட்டு ஜனங்களுக்கும் ரோபோவுக்கும் சண்டை, அதுல பாம்பு வருது, சுறா வருது, மாட்டு மேல பாண்டா கரடி வருது, எதுக்கு வருது எங்க போகுதுன்னு கடைசி வரைக்கும் எனக்கு வெளங்கல. கேட்டா கதையெல்லாம் கேக்கக் கூடாதும்மான்னு சிரிச்ச. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி ஒரு பொண்ணு வந்து நமக்கு முன்னால சங்கிலியக் கட்டிட்டு, அப்பா முட்டியத் தொட்டுக் காமிச்சு காலை உள்ள இழுங்கன்னு சைகை பண்ணுச்சு, அப்பா இழுத்த வேகத்துல என்ற கால்ல மிதிச்சுட்டாரு. அந்த வண்டி மூக்குக்கு முன்னாடி திரும்பறப்ப கருப்பு டிரஸ் போட்ட பையன் ஒருத்தன் பின்னாடியே குனிஞ்சு ஓடி வர்றான், மூஞ்சியெல்லாம் வேர்வை. எல்லாரும் ரோபோவப் பாத்தாங்க, நான் அந்தப் பையனத்தான் பாத்தேன். இவன் சாப்பிட்டிருப்பானான்னு இருந்துச்சு. நீயும் நேரத்துக்கு சாப்பிடு கண்ணு. ஆபீஸ்ல அந்த டப்பா சோறே தின்னுட்டு இருக்காத.

டான்ஸ் ஆடற பொண்ணுங்க டிரஸ்ஸப் பாத்துட்டு அப்பா தலையக் குனிஞ்சு பாப்கார்ன எண்ணிட்டு இருந்தது உனக்கும் தெரியும், அத பெரியம்மாகிட்ட சொல்லல. ஆனா கடைசியில லைட்டுக் குச்சி ஒண்ணு குடுத்தாங்களே, மனுசன் அத ஆட்டுன ஆட்டு! உன்ற அப்பா கல்யாண ஆல்பத்துலயே சிரிக்காத ஆளு. காதும் கேக்கல, தாளமும் தெரியல, எல்லாரும் இந்தப் பக்கம் ஆட்டுனா இவரு அந்தப் பக்கம். நீ எம் மேல சாஞ்சு சிரிச்ச. நீ அப்படி சிரிச்சுப் பாத்து வருசமாச்சு.

அது எல்லாம் சரி. நடுவுல இடைவேளை விட்டாங்களே, அப்ப நீ போன எடுத்து யாருக்கோ வீடியோ கால் போட்டு அந்த எடத்தச் சுத்திக் காமிச்ச. மேடையக் காமிச்ச, கூரையக் காமிச்ச, எதிர்ல உக்காந்திருந்த வெள்ளைக்காரங்களக் கூட காமிச்ச. எங்க பக்கம் திரும்பறப்ப டக்குன்னு போனக் கீழ எறக்கிட்ட. நான் அப்பத்தான் சேலைய சரி பண்ணிட்டு சிரிக்கலாம்னு வாயத் தொறந்தேன்.

யாருன்னு நான் கேக்கல. இப்பவும் கேக்கல. ஃப்ரெண்டா இருக்கும், ஆபீஸ் ஆளா இருக்கும், எனக்கென்ன.

நிஷிகசாய்க்கு தோசை சாப்பிடப் போனோமே, அந்த ரயில் மேல தூக்கிப் போட்ட பாலத்துல போறப்ப அப்பா ஜன்னல் வழியா வரிசையா இருந்த அடுக்குமாடியப் பாத்து இதுல உன்ற வீடு எதுடான்னு கேட்டாரு. நீ கைய நீட்டி "அந்தப் பக்கம்பா"ன்ன. அங்க ஏன் இத்தன இந்தியாக்காரங்கன்னு கேட்டதுக்கு மட்டும் அவ்வளவு வெளக்கமா சொன்ன, 2000ல கம்ப்யூட்டர்ல வருசம் மாறற பிரச்சனைய சரி பண்ண வந்த இன்ஜினியருங்க, தோசாய் லைன்ல ஏறுனா பேங்குங்க இருக்கற ஓத்தேமாச்சிக்கு நேராப் போயிரலாம், அதனால அங்கயே தங்கிட்டாங்கன்னு. தோசையும் நல்லாத்தான் இருந்துச்சு. பத்து நிமிச நடைதான்மா வீடுன்னு உன்ற வாயாலயே சொன்ன. சொல்லிட்டு பில்ல குடுத்துட்டு எங்களத் திருப்பி ஷிஞ்சுகு ஹோட்டலுக்குக் கூட்டிட்டு வந்துட்ட. நான் அந்தப் பையத் தூக்கிட்டே வந்தேன், பருப்புப் பொடி, நார்த்தங்காய், ராகி மாவு எல்லாம் அதுக்குள்ள. உன்ற கிச்சன்ல எடுத்து வெக்கலாம்னு டப்பாவெல்லாம் தனியா வாங்கி வந்தது. கடைசியில ஹோட்டல் ரிசப்ஷன்ல வெச்சு உன்ற கையில குடுத்தேன்.

அறை சின்னதா இருக்கும்னு வெக்கப்படறியா? நாங்க கொல்லம்பாளையத்துல எப்படி இருந்தோம்னு உனக்குத் தெரியாதா. உன்ற அத்தை, சித்தப்பா, அப்பாரு எல்லாரும் அந்த ஒத்த ரூம்லதான. ஒறம்பரை வந்தா அப்பா திண்ணையிலதான் படுப்பாரு. அதெல்லாம் எங்களுக்கு ஒரு விசயமே இல்ல.

அறையில வேற யாராச்சும் கூட இருந்தாலும் சொல்லு, அதுவும் விசயமில்ல. அதாவது, ரூம் மேட் மாதிரி.

நான் இப்ப யோசிச்சுப் பாக்கறேன், நீ எங்களக் கூட்டிட்டுப் போன எடம் எல்லாம் ஒண்ணு கூட்டமா இருக்கும், இல்லைன்னா சத்தமா இருக்கும். அந்த ஷிபுயா சிக்னல், அந்த மீன் மார்க்கெட்டு, அப்புறம் இந்த ரோபோ. வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்க முடியாத எடமாப் பாத்து செலக்ட் பண்ணியோன்னு ஒரு நெனப்பு. இல்லைன்னு சொல்லுவ. சரி இல்லைன்னே வெச்சுக்கறேன். அவ்வளவு காசு போட்டு, லீவு போட்டு, ராத்திரி எங்கள ஹோட்டல்ல விட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போன, எந்தப் பையன் செய்வான். அப்பா உன்னப் பத்தி வாக்கிங் போற எடத்துல எல்லாம் சொல்லிட்டு இருக்காரு. அதையும் எழுதத்தான வேணும்.

பெரியம்மா கேட்டாங்க, பையன் வீடு எப்படி இருக்குதுன்னு. நான் நல்லா காத்தோட்டமா இருக்குதுங்கன்னு சொல்லிட்டேன். பால்கனி வேற இருக்குதுன்னு சொல்லிட்டேன். இருக்குதா? அடுத்து யாராச்சும் கேட்டா ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லோணுமில்ல. அப்பா பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தாரு, நான் பால்கனின்னு சொன்னப்ப பேப்பரத் திருப்பல, ரொம்ப நேரம் அதே பக்கம்தான். ராத்திரி படுக்கறப்ப "அவன் நல்லாத்தான இருக்கான்"னு கேட்டாரு. உன்ற அப்பா அப்படிக் கேக்கற ஆளா? அந்தப் பெருந்துறை சமாச்சாரத்துக்கப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் பேச்சு கொறைஞ்சு போச்சு, எனக்குத் தெரியாம இல்ல. ஆனா இப்ப அவரு அந்த மனுசன் இல்ல கண்ணு. யாரு வீட்டுல யாரு, என்ன ஊரு, என்ன சாதி, ஒண்ணும் கேக்கறதில்ல. டிவியில கூட சண்டை வந்தா சேனல மாத்திடறாரு. இத உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் ரோபோ கதையெல்லாம் சொல்லிட்டு இருக்கேன்.

குளிரு ஆரம்பிச்சிருக்கும். காத மூடிக்கிட்டுப் போ. நேரத்துக்கு சாப்பிடு. வீடியோ கால்ல வெறும் சுவத்த மட்டும் காமிக்காத, மூஞ்சியக் காமி. மொதல்ல மாதிரி ஞாயித்துக்கெழம பேசு, பொழுதோட பேசுனாக் கூட போதும், அங்க எத்தன மணின்னு நான் கணக்குப் பண்ணிக்கறேன், மூணரை மணி நேரம்தான முன்னாடி.

அப்புறம், போஸ்டாபீஸ்ல ஜப்பானுக்கு ஸ்பீட் போஸ்ட் பார்சல் எடுக்கறாங்களாம், அப்பா விசாரிச்சுட்டு வந்தாரு. முறுக்கும் எள்ளுருண்டையும் போடறேன், நார்த்தங்காய் இன்னொரு டப்பா போடறேன். ஆபீஸ் அட்ரஸ் வேண்டாம், ஊறுகாய் ஒழுகிச்சுன்னா உனக்குத்தான் கேவலம். வீட்டு அட்ரஸ அனுப்பு, இங்கிலீஷ்ல ஒண்ணு, ஜப்பான் எழுத்துல ஒண்ணு, ரூம் நம்பரோட. எள்ளுருண்டை எத்தன பேருக்குன்னும் சேத்துப் போடு, அதுக்குத் தக்கன புடிக்கறேன். காரம் ஆகுமா ஆகாதான்னும் கேட்டுச் சொல்லு.

அம்மா