எட்டாம் வகுப்போடு மைதானத்தை விட்டுப் போகும் பெண் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். 2025 நவம்பர் 2-ஆம் தேதி நவி மும்பையில் நம் மகளிர் அணி கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற இரவிலும், அதற்கு முந்தைய மாதம் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இடம்பெற்ற இந்திய மகளிர் கபடி அணி பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றபோதும், என் பழைய மாணவிகள் பலர் தொலைபேசியில் அழைத்து மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர்கூட மாவட்ட அளவைத் தாண்டி விளையாடியவர் இல்லை. ஆனால் விளையாட்டு தங்களுக்கு என்ன செய்தது என்று அவர்களுக்குத் தெரியும். பதக்கம் வாங்காத அந்தப் பெரும்பான்மைக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் அதிகம் கற்றுக்கொடுத்தது கோ-கோ. விரட்டி வருபவள், வரிசையில் உட்கார்ந்திருக்கும் தோழியைப் பின்னாலிருந்து தொட்டு, உரக்கக் 'கோ' என்று சொன்ன பிறகே அந்தத் தோழி எழுந்து ஓடலாம். ஆறாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைகளுக்கு ஓடுவதில் சிரமம் இருந்ததே இல்லை. அந்த ஓரெழுத்தைச் சத்தமாகச் சொல்வதற்குத்தான் சிரமப்படுவார்கள். 'பொம்பளைப் பிள்ளை சத்தம் போடக் கூடாது' என்று கேட்டே வளர்ந்த குழந்தைக்கு முதல் வாரத்தில் வெறும் காற்றுதான் வெளியே வரும். குரல் வருவதற்கு இரண்டு மாதமாவது ஆகும். வந்த பிறகு, இதுவரை வாயே திறக்காத பிள்ளை வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்கிறாள் என்று மற்ற ஆசிரியைகள் வியந்து சொல்ல, நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அணியில் பன்னிரண்டு பேர் இருந்தாலும் களத்தில் இறங்குவது ஒன்பது பேர்தான். மீதி மூன்று பேரிடம் 'இன்றைக்கு நீ வெளியே உட்கார வேண்டும்' என்று அணித்தலைவி சொல்ல வேண்டும்; சொல்லிவிட்டு, ஆட்டம் முடிந்ததும் அவர்களோடு ஒரே பேருந்தில் ஊர் திரும்பவும் வேண்டும். பதினான்கு வயதில் இதைச் செய்து பழகிய பெண்ணுக்குப் பிற்காலத்தில் அலுவலகத்திலோ குடும்பத்திலோ ஒரு முடிவெடுத்து, அதை மற்றவர்கள் முகம் பார்த்துச் சொல்வது புதிதாக இருக்காது.

இவ்வளவையும் தரும் மைதானத்தை விட்டு நம் பெண் பிள்ளைகள் மிகச் சரியாக எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் வெளியேறிவிடுகிறார்கள். 11 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது உடலை அசைத்து இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 146 நாடுகளின் விவரங்களைத் திரட்டி அந்நிறுவனத்தினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த அளவுக்கு இயங்காத ஆண் பிள்ளைகள் 78 விழுக்காடு. பெண் பிள்ளைகளோ 85 விழுக்காடு. எலும்பில் சேர வேண்டிய வலுவின் பெரும்பகுதி சேர்வதும், ஓட்டமும் குதிப்பும் அதற்குக் கைகொடுப்பதும் இந்த வயதில்தான் என்பதை நினைத்தால் இழப்பு எவ்வளவு பெரியது என்பது புரியும்.

என் அணியில் ஒரு மாணவி இருந்தாள். கோ-கோ களத்தின் முனையில் நட்டிருக்கும் கம்பத்தைப் பிடித்துச் சுழன்று திரும்புவதில் அவளைப் போல் இன்னொருத்தியை நான் பார்த்ததில்லை. பெரியவளாகி, சடங்கு முடிந்து பள்ளிக்குத் திரும்பியவள், மாலையில் மைதானத்துக்கு வராமல் வேப்பமரத்தடியில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்குப் போனேன். 'இனிமேல் ஓட்டம் என்ன டீச்சர், வெயிலில் கறுத்துப் போவாள், மாமன் வீட்டில் பேசுவார்கள்' என்று தாயார் மரியாதையாகவே சொன்னார். நான் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். இரண்டாம் முறையும், மூன்றாம் முறையும் போயிருக்க வேண்டும். போகாததற்கு இன்றும் வருந்துகிறேன்.

ஆனால், பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மாதவிலக்கு நாளில் மாற்றிக்கொள்ளத் தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை மைதானத்துக்கு அருகில் இல்லாத பள்ளியில் எந்தப் பெண் நிம்மதியாக ஓடுவாள்? பயிற்சி முடியும்போது ஊருக்குப் போகும் பேருந்து போயிருந்தால், அடுத்த பேருந்துக்காக இருட்டில் நிற்கும் மகளை நினைத்து எந்தத் தாய் பயப்பட மாட்டாள்? இதோடு பசியும் சேர்கிறது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையிலான தமிழகப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தெரியவந்தது. அரசின் காலை உணவுத் திட்டம் மிக நல்ல திட்டம். அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு வந்து, இரண்டு சுற்று ஓடியதும் கண் இருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும் பிள்ளைகளை என் மடியில் கிடத்தியிருக்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் கொடுப்பது அரசுக்குப் பெரிய செலவாகாது.

எல்லாவற்றையும்விட என்னை வேதனைப்படுத்துவது விளையாட்டுப் பாடவேளை பறிபோவதுதான். பத்தாம் வகுப்பு வந்ததும் அந்தப் பாடவேளை கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடுகிறது. ஆண் பிள்ளைகள் மாலையில் ஏரிக்கரையிலோ களத்து மேட்டிலோ பந்து விளையாடி அதை ஈடுகட்டிக்கொள்கிறார்கள். வீடு போய்ச் சேர்ந்தவுடன் தண்ணீர்க் குடமும் பாத்திரமும் காத்திருக்கும் பெண் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கும் அந்த நாற்பது நிமிடத்தை விட்டால் வேறு நேரமே கிடையாது. ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் பங்கேற்ற முதல் இந்தியரான சென்னை பவானி தேவி, இந்த விளையாட்டைத் தொடங்கியது பள்ளியில்தான். மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் மிஞ்சியிருந்த வாள்வீச்சில் சேர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பள்ளி அந்த வாய்ப்பை வைத்திருந்ததால்தான் 2021-இல் டோக்கியோவில் அவரை நாம் பார்த்தோம்.

ஆகவே பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்: ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவிகளின் விளையாட்டுப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கொடுக்கக் கூடாது என்ற உத்தரவைப் பிறப்பிப்பதோடு நிறுத்திவிடாமல், பள்ளி ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் அதைச் சரிபார்க்கும்படியும் செய்ய வேண்டும். அவர்கள் பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போக வேண்டாம். விளையாட்டுப் பொருள்கள் இருக்கும் அலமாரியைத் திறக்கச் சொல்லிப் பார்க்கட்டும்; கடைசியாக எப்போது பந்தைத் தொட்டீர்கள் என்று மாணவிகளிடமே கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்.