அந்தப் பச்சைப் பெட்டியைச் செய்தவர் ஒரு பைலட்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வென்டிலேட்டர், அதாவது தானாக மூச்சுவிட முடியாதவருக்கு மூச்சு கொடுக்கிற மிஷின் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் பாரஸ்ட் பேர்டு என்பவரை 'அமெரிக்க மருத்துவர்' என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள், அதுதான் மனசு கேட்கவில்லை. அரசு மருத்துவமனைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டாப் நர்ஸாக இருந்து, அந்த மனுஷன் செய்த மிஷினோடு எத்தனையோ நைட் டியூட்டி பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். அவர் டாக்டர் பட்டம் வாங்கியது ரொம்பப் பின்னால். முதலில் அவர் பைலட்.

1921இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா முதல் உலகப் போரில் விமானம் ஓட்டியவர் என்பதால் பிள்ளைக்கும் அந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது, 14 வயதிலேயே தனியாக விமானத்தைக் கிளப்பிவிட்டார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானப் பிரிவில் சேர்ந்து, பலவகை விமானங்களையும் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கும் வேலை பார்த்தார். அங்கேதான் ஒரு சிக்கல் கண்ணில் பட்டது: விமானம் ஏறுகிற உயரத்துக்கு உள்ளே இருக்கிற ஆளால் ஏற முடியவில்லை. 18,000 அடியிலேயே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் பாதிதான். இன்னும் மேலே போகப் போக, மாஸ்க்கில் சுத்தமான ஆக்சிஜனே வந்தாலும் பற்றாது, அதைக் கொஞ்சம் அழுத்தி நெஞ்சுக்குள் தள்ளிவிட வேண்டும். பிடிபட்ட ஜெர்மன் விமானம் ஒன்றில் இருந்த ஆக்சிஜன் ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்து, அதை மேம்படுத்தி, அப்படித் தள்ளுகிற மாதிரி மாற்றினார். தரையில் மூச்சுவிட முடியாமல் படுத்திருக்கிற நோயாளிக்கும் வேண்டியது அதே தள்ளல்தானே? அந்தப் பொறிதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

முதல் மாதிரியை ஸ்ட்ராபெரி கேக் செய்கிற டின்களையும் ஒரு கதவுக் குமிழையும் வைத்துச் செய்தாராம். அப்புறம் 1958இல் 'பேர்டு மார்க் 7' வந்தது. அதுவரை மூச்சு நின்றுபோனவரைப் பெரும்பாலும் தலை மட்டும் வெளியே தெரிய ஒரு பெரிய இரும்பு டிரம்முக்குள் படுக்கவைக்க வேண்டும். இவருடைய பெட்டியோ கட்டில் பக்கத்தில் ஒரு கம்பியில் மாட்டக்கூடிய பச்சைப் பெட்டி, அவ்வளவுதான். கரண்டே வேண்டாம். ஆக்சிஜன் சிலிண்டரின் அழுத்தத்திலேயே ஓடும். உள்ளே ஒரு சவ்வும் இரண்டு பக்கமும் காந்தமும்: நோயாளி லேசாக மூச்சை இழுத்தால் காந்தப் பிடி விட்டு வால்வு திறக்கும், காற்று உள்ளே போய் நாம் வைத்த அழுத்தம் வந்ததும் மறுபடி 'டக்' என்று மூடிக்கொள்ளும். அவராக இழுக்காவிட்டாலும் டைமர் பார்த்துக்கொள்ளும்.

இன்றைய மிஷின்களில் திரை, அலாரம் எல்லாம் உண்டு. எங்களுக்குக் காதுதான் அலாரம். டக்… ஸ்ஸ்ஸ்… டக் என்று சீராக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று வேகமாக டக்டக்கென்று அடித்தால் மூச்சுக்குழாய்க்குள் போட்ட டியூபில் சளி அடைத்திருக்கிறது, ஓடிப்போய் உறிஞ்ச வேண்டும். டக் சத்தமே வராமல் ஸ்ஸ்ஸ் என்று இழுத்துக்கொண்டே போனால் எங்கோ காற்று கசிகிறது. அதற்கு ஒரு குறையும் இருந்தது, அழுத்தம் தெரியுமே தவிர எவ்வளவு காற்று உள்ளே போனது என்று காட்டாது. இருந்தாலும் சொல்கிறேன், அது நல்ல மிஷின்.

எண்பதுகளில் ஒரு ராத்திரி. தரையில் படுத்துத் தூங்கிய ஒரு பையனைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. கொண்டுவரும்போதே இமை தூக்க முடியவில்லை, கொஞ்ச நேரத்தில் மூச்சும் போய்விட்டது. டியூப் போட்டு இந்தப் பெட்டியில் மாட்டினோம். ஒரு மணி வாக்கில் வார்டில் கரண்ட் போனது. இருட்டில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "சிஸ்டர், சத்தம் வருதுல்ல? வருதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வந்தது. டார்ச் அடித்து அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைக் காட்டினேன். நாலாம் நாள் அவனாகக் கண்ணைத் திறந்தான். (கட்டுவிரியன் கடித்தவர்களுக்கு உடம்பு அசையாதே தவிர காது கேட்கலாம், பக்கத்தில் நின்று கண்டபடி பேசாதீர்கள் என்று பிறகு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.)

பேர்டு தன் மிஷினை விற்ற விதமும் பைலட்டின் விதம்தான். சொந்த விமானத்தில் ஏற்றிக்கொண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவக் கல்லூரியாக இறங்கி, நீங்கள் கைவிட்ட கேஸைக் கொடுங்கள், அதில் போட்டுப் பார்ப்போம் என்று கேட்பாராம். 1970 வாக்கில் பச்சைக் குழந்தைகளுக்கென்று 'பேபிபேர்டு' செய்தார். அது வந்த பிறகு மூச்சுக் கோளாறோடு பிறந்த சிசுக்களின் இறப்பு 70 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கியது என்பார்கள்.

இடையிடையே மருத்துவ வகுப்புகளில் உட்கார்ந்து படித்தவர்தான், ஆனாலும் மருத்துவப் பட்டம் கைக்கு வந்தது 1979இல், பிரேசில் நாட்டுக் கம்பினாஸ் நகரத்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள், 58 வயது. எங்களுக்கெல்லாம் அந்த வயதில் மாலை போட்டு, மிக்சர் பொட்டலம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் 2008இல் அதிபர் புஷ் கையாலும் அடுத்த வருஷம் அதிபர் ஒபாமா கையாலும் விருது வாங்கினார், 2015இல் ஐடஹோ மாநிலத்தில் 94 வயதில் இறந்தார். அங்கே அவர் திறந்துவைத்த அருங்காட்சியகத்தில் விமானங்களும் மூச்சு மிஷின்களும் ஒரே கூரைக்கு அடியில் இருந்தன.

பெட்டியில் 'பேர்டு' என்று போட்டிருந்ததைப் பார்த்துப் பறவைதான், கம்பெனி முத்திரையாக இருக்கும் என்றே நாங்கள் பல வருஷம் நினைத்தோம். எங்கள் அட்டெண்டர் அண்ணன் அதைக் 'குருவி' என்பார். "சிஸ்டர், குருவிக்கு சிலிண்டர் மாத்தணுமா?" என்று கேட்டுக்கொண்டேதான் டியூட்டிக்கு வருவார். நான் ஓய்வுபெறும்போது அதில் இரண்டு இனி உதவாது என்று கண்டெம் செய்யப்பட்டு, ஸ்டோர் ரூமில் காற்றுக் குழாயைப் பேண்டேஜ் துணியால் சுற்றி, உடைந்த சலைன் ஸ்டாண்டுகளுக்கு நடுவே கிடந்தன. அப்புறம் பழைய இரும்பு ஏலத்தில் போயிருக்கும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதினால் புது மிஷின் படத்துக்குப் பதில் அந்தப் பச்சைப் பெட்டி படத்தைப் போடுங்கள் ஐயா. எங்கள் பேட்ச்சில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறோம், கண்ணாடி போடாமலே கண்டுபிடித்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
விருதுநகர் மாவட்டம்.