துகளைத் தேடும் பிள்ளைகளுக்கு அரைப் பக்கம் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மல்லாவியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். போன கிழமை ஒரு மாணவி கேட்டாள்: "எதிலும் முட்டாமல் போற நியூத்திரினோவை எப்படிப் பிடிக்கிறது, சேர்?"

அணுவை விட மிகச் சிறிய இந்தத் துகள்கள் சூரியனில் இருந்து ஒரு விரல் நகமளவு இடத்துக்கு மட்டும் செக்கனுக்கு ஏறத்தாழ 6,500 கோடி வருகின்றன. இப்படி ஒரு துகள் இருக்கும் என்று 1930 இல் பௌதிகவியலாளர் பவுலி ஊகித்ததை 1956 இல்தான் ரைன்ஸ், கோவன் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டார்கள். யப்பானிலோ மலைக்கடியில் 50,000 தொன் நீரை நிரப்பி, நியூத்திரினோ ஒன்று அதில் முட்டும்போது எப்போதாவது தெறிக்கும் மங்கலான நீல ஒளிக்காகக் காத்திருக்கிறார்கள். கிணற்றடியில் வாளித் தண்ணீரைக் காட்டித்தான் இதை விளக்கினேன். மணி அடித்த பிறகும் அவள் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சினிமாவுக்கு முழுப்பக்கம் தருகிறீர்கள், சரி. கிழமைக்கு அரைப் பக்கமாவது இப்படியான அறிவியலுக்கும் தாருங்கள். வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டுவேன்.

ஓர் ஆசிரியர்,
மல்லாவி.