பயமுறுத்தினால் திருந்துவார்களா? கூர்நோக்கு இல்லப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகக் கூர்நோக்கு இல்லங்களின் கண்காணிப்பாளர்களுக்கும், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழும உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் மனநல ஆலோசகர். வழக்கில் சிக்கிய சிறார்களை விசாரணைக் காலத்தில் தங்கவைக்கும் இப்படியான ஓர் இல்லத்துக்குச் சில வருடங்களாகப் போய்ப் பையன்களோடு பேசி வருகிறேன். அங்கே அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "ஒரு வாட்டி நல்லா பயம் காட்டி அனுப்புங்க சார், ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வரமாட்டான்." ஊழியர்கள் மட்டுமல்ல, வாசலில் காத்திருக்கும் அம்மாக்களும் இதையே சொல்கிறார்கள். அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்.

இதை அமெரிக்காவில் 1970களிலேயே செய்து பார்த்துவிட்டார்கள். நியூ ஜெர்சியின் ராவே சிறைக்குப் பையன்களைக் கூட்டிப் போய், உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று ஆயுள் கைதிகளை விட்டு மிரட்ட வைத்தார்கள். அதைக் காட்டிய ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது, திட்டமும் ஊர் ஊராகப் பரவியது. அப்புறம்தான் கணக்குப் பார்த்தார்கள். சுமார் 950 பேர் பங்கேற்ற 9 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், சிறைக்குப் போய்வந்த பையன்கள் போகாதவர்களைவிட அதிகமாகவே குற்றம் செய்திருந்தார்கள். சும்மா விட்டிருந்தாலே தேவலை என்ற முடிவுக்குத்தான் ஆய்வாளர்கள் வந்தார்கள்.

ஏன் இப்படி? பின்விளைவை எண்ணிப் பார்க்க அவகாசம் இருந்தால்தான் பயம் ஒருவனைத் தடுக்கும். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டை வெவ்வேறு வயதினரிடம் கொடுத்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் துணிந்து இறங்கிய ஆபத்துகள் வெகுவாகக் கூடின. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. கத்தியை எடுத்த நேரத்தில் என்ன நினைத்தாய் என்று ஒரு பையனிடம் கேட்டேன். "'டேய், அவன் உன்னையே முறைக்கிறான்டா'ன்னு பின்னாடி இருந்து சொன்னாங்க சார். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு" என்றான். அந்த நொடியில் அவன் மனதில் ஜெயிலும் இல்லை, நீதிபதியும் இல்லை.

அந்த நொடியை நீட்டக் கற்றுக்கொடுக்க முடியும். சிகாகோவில் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் 'பிகமிங் எ மேன்' என்ற திட்டத்தின் முதல் வகுப்பில் ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து, 30 விநாடிக்குள் அதை வாங்கு என்று எதிரில் இருப்பவனிடம் சொல்வார்கள். நான் எலுமிச்சம்பழத்தை வைத்து இங்கே செய்து பார்த்தேன். விரலை முறுக்கினார்கள், தரையில் புரண்டார்கள், ஒருவனுக்கு நகம் கீறி ரத்தமே வந்துவிட்டது. "கொடுன்னு கேட்டுப் பாத்தியாப்பா?" என்றேன். "கேட்டா குடுத்திருப்பானா சார்?" எதிரில் இருந்தவன் நசுங்கிய பழத்தைப் பார்த்துக்கொண்டே, "கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா" என்றான். அறையே கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது.

சிகாகோ திட்டம் நடந்த காலத்தில், அதில் சேர்ந்த மாணவர்கள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 45 முதல் 50 சதவீதம் குறைந்தது. திட்டம் முடிந்த பிறகு அந்தப் பலன் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு முறை நடத்திவிட்டு விட்டுவிடுகிற காரியம் இல்லை இது. நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் அதே ஊரின் சிறார் தடுப்பு மையத்தில் இருக்கிறது. அங்கே இதே மாதிரியான பயிற்சியை நடத்தியவர்கள் மைய ஊழியர்களேதான். விடுதலையாகிப் போனவர்கள் மறுபடி உள்ளே வருவது 21 சதவீதம் குறைந்தது.

நம் ஊரில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அடித்துக் கொன்றதாகக் கைது செய்யப்பட்டவர்கள் இல்ல ஊழியர்கள். அந்தச் செய்தி வந்த வாரம் என்னிடம் பையன்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

ஒவ்வொரு சிறாருக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதச் சொல்கிறது சட்டம். நான் பார்த்த சில கோப்புகளில் 'நல்லொழுக்கம் போதிக்கப்பட வேண்டும்' என்று ஒரே வரிதான் இருந்தது, பெயர் மட்டும் மாறியிருந்தது. குழும உறுப்பினர்களே, அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். எந்தச் சூழலில், யாரோடு இருந்தபோது, எதைக் கேட்டு அவனுக்குக் கோபம் வந்தது என்று எழுதி வரச் சொல்லுங்கள். கண்காணிப்பாளர்களே, இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு முதலில் பயிற்சி கொடுங்கள். பெரும்பாலான சண்டைகள் விளக்கணைத்த பிறகுதான் வருகின்றன, அப்போது ஆலோசகர் யாரும் பக்கத்தில் இருப்பதில்லை.

பயிற்சி நடத்த ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். என் சனிக்கிழமைகளைத் தருகிறேன்.

அன்புடன்,
ஒரு மனநல ஆலோசகர்